ஏரியில் ஸ்டீல்ஹெட் விடப் போகிறீர்களா?

அமெரிக்காவின் மிச்சிகனில் நண்பர் ஒருவர் தன் நிலத்து ஏரிக்கு ஸ்டீல்ஹெட் மீன்குஞ்சு வாங்கப் போகிறாராம். "ரெயின்போ ட்ரவுட்டை எல்லாரும்தான் விடுறாங்க, நாம பெரிசா வளர்றதை விடுவோம்" என்றார். நான் ஒரு காலத்தில் சொன்ன அதே வசனம்! அனுமதி வாங்குவது, குஞ்சுகளை ஏரித் தண்ணீருக்குப் பழக்கி விடுவது எல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத, நாம் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

வேறு மீன் என்று நம்புவது

இரண்டும் ஒரே இனம். நன்னீரிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ. கடலுக்குப் போய்த் தின்று கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். நீலகிரி அவலாஞ்சியில் வளர்ப்பதும் இதே இனம்தான். 1876இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த குஞ்சுகளை மிச்சிகனின் ஆ சேபிள் ஆற்றில் விட்டார்கள். இன்று இங்குள்ள ஸ்டீல்ஹெட்டுக்கு மிச்சிகன் ஏரி போன்ற பேரேரிகளே கடல். அந்தப் பெரிய உடம்பு அங்கே கிடைக்கும் தீனியால் வருவது. என் எட்டு ஏக்கர் ஏரியில் அது எங்கிருந்து வரும்?

மறுகாலைத் திறந்து வைப்பது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல்தான். இலையுதிர் காலத்தில் 400 குஞ்சுகள் விட்டேன். வசந்தத்தில் அவற்றின் பக்கவாட்டுக் கறுப்புத் திட்டுகள் மறைந்து, உடம்பு வெள்ளியாக மின்னியது. நல்லா தேறுதுன்னு படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். உண்மையில் அது பயண ஆயத்தம். உப்புநீருக்கு உடம்பைத் தயார்செய்துகொண்டு, ஓடும் நீரோடு கீழே போகத் துடிக்கும் பருவம். ஏரி நிரம்பி வழியும் மறுகாலில் வலை இல்லை. இரண்டே வாரம்! கீழே ஓடைக்கரையில் இருப்பவர் தூண்டிலில் பிடித்துவிட்டு எனக்கு நன்றி சொன்னார். அந்தக் கோடை முழுக்க எனக்குக் கிடைத்தது மூன்று மீன்.

குஞ்சு விற்றவர் "வெளியே தண்ணீர் போகுதா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சரி.

அப்புறம் வலை போட்டேன். இலை அடைத்து வாராவாரம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. வெள்ளியானவை வலையருகே முட்டிக்கொண்டே கிடந்தன. சின்ன ஏரிக்குப் பண்ணையில் தலைமுறைகளாக வளர்ந்த ரெயின்போ போதும். அதற்கு இந்த ஊர்சுற்றும் வெறி குறைவு.

பைக் மீன் உள்ள ஏரியில் விரலளவுக் குஞ்சு

பைக் மற்ற மீன்களை விழுங்கும் வேட்டை மீன். குஞ்சு அதற்குத் தீனி.

தானாகப் பெருகும் என்று காத்திருப்பது

சரளைக்கல் மேல் ஓடும் நீர் இல்லாமல் பெருகாது.

ஆகஸ்டை மறப்பது

மேல்நீர் 21 டிகிரியைத் தாண்டும், அடிநீரில் ஆக்சிஜன் தீரும். குளிர்நீர் மீனான ட்ரவுட் நடுவில் மாட்டிக்கொள்ளும். போன கோடையில் ஆழத்தில் எத்தனை டிகிரி இருந்தது என்று நண்பரிடம் கேட்டேன். தெர்மாமீட்டரே இனிமேல்தான் வாங்க வேண்டுமாம்.