ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி பக்கம் போனா மணல்ல மைக்ரோபிளாஸ்டிக் தேடுறது எப்படி

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் மணல் பார்க்க சுத்தமாத்தான் இருக்கும், காலையிலேயே ஆளுங்க வந்து கூட்டி எடுத்துடுறாங்க. அவங்க வாரியில சிக்காம நழுவுற பிளாஸ்டிக் பொடிதான் கடல்ல இருக்கிற உயிருங்களுக்கு பெரிய தொல்லை. 5 மில்லிமீட்டருக்கு கீழ இருந்தா அது மைக்ரோபிளாஸ்டிக். 2006ல வந்த ஒரு ஆய்வுல சிங்கப்பூர்ல 7 கடற்கரைய பார்த்ததுல 4 இடத்துல மணல்ல இருந்துச்சு, 2014ல வந்ததுல பார்த்த 7 சதுப்புநிலக் காட்டுலயும் இருந்துச்சு. இத நாமளே பிள்ளைங்கள கூட்டிட்டு போய் தேடிப் பார்க்கலாம், லேப் ஒண்ணும் வேணாம்.

தேக்காவுல (லிட்டில் இந்தியா பக்கம்) கல் உப்பு ஒரு பாக்கெட் வாங்கிக்குங்க. கூட ரெண்டு எவர்சில்வர் பாத்திரம், டீ வடிகட்டி, வெள்ளை காட்டன் துணி, ஒரு கண்ணாடி பாட்டில், பூதக்கண்ணாடி. பிளாஸ்டிக் டப்பாவ தவிர்த்துடுங்க. சட்டையும் காட்டனா போட்டுட்டு போங்க, பாலியஸ்டர் டி-ஷர்ட்லேர்ந்து உதிர்ற நூல் துணியில விழுந்துச்சுன்னா அத கடல்லேர்ந்து வந்ததுன்னு நினைச்சு எண்ணிக்கிட்டு இருப்பீங்க.

தண்ணி இறங்குற நேரமா பார்த்து போங்க, வானிலை வெப்சைட்ல நேரம் போட்டிருக்கும். தண்ணி கடைசியா ஏறிட்டு விட்டுட்டுப் போன கோடு ஒண்ணு இருக்கும், பாசி, குச்சி, காஞ்ச இலையெல்லாம் நீளமா ஒதுங்கிக் கிடக்கும், அங்கதான் தேடணும். பாசிய வாரி எறியாதீங்க, குட்டி நண்டு, பூச்சிக்கெல்லாம் அதுதான் சாப்பாடும் நிழலும்.

முதல்ல முட்டி போட்டு உக்காந்து வெறுங்கண்ணால பாருங்க. வேகாத ஜவ்வரிசி மாதிரி வெள்ளையா உருண்டையா ஒண்ணு கிடைக்கலாம், அது பிளாஸ்டிக் குருணை, தொழிற்சாலையில அத உருக்கித்தான் வாளி, பை, பாட்டில் மூடி எல்லாம் செய்யறாங்க. மீன் முட்டையோன்னு சந்தேகம் வந்தா நகத்தால அழுத்துங்க, முட்டைன்னா உடையும், குருணை வழுக்கிட்டு ஓடும். நமக்கு நகம் இருக்கு, மீனும் பறவையும் வாயில போட்டுத்தான் பார்க்கணும். மஞ்சளா பழுத்த குருணை கிடைச்சா தனியா வைங்க, அது ரொம்ப நாள் வெயில்லயும் தண்ணிலயும் கிடந்தது. கடல்ல கொஞ்சமா கலந்திருக்கிற பிசிபி மாதிரி நச்சு ரசாயனம் தண்ணில அவ்வளவா கரையாது, பிளாஸ்டிக்ல போய் ஒட்டிக்கும், நாள் ஆக ஆக சேர்ந்துக்கிட்டே போகும். ஜப்பான் பேராசிரியர் ஹிதேஷிகே தகாடா 2005லேர்ந்து உலகம் பூரா ஆளுங்கள இந்த குருணைய பொறுக்கி அனுப்பச் சொல்லி அளந்துக்கிட்டு வந்தது இதுக்காகத்தான். 2021ல கொழும்புக்கு பக்கத்துல தீப்பிடிச்சு மூழ்கின எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல்லேர்ந்து கொட்டினதும் இதேதான், கிட்டத்தட்ட 1,680 டன், அந்தக் கப்பல் சிங்கப்பூர் கொடி போட்ட கப்பல்ங்கறத நாம மறக்கக் கூடாது.

அடுத்தது உப்புத்தண்ணி வேலை. ஒரு லிட்டர் தண்ணிக்கு 350 கிராம் உப்பு போட்டு நல்லா கரைங்க, கரைச்சத மணல் போடறதுக்கு முன்னாடியே துணியில ஒரு தடவ வடிகட்டிடுங்க, உப்புலயே ஏதாவது இருந்தா அதுலேயே நின்னுடும். துணிய நல்லா அலசிட்டு, அந்தக் கோட்டுல மேல் மணலா ரெண்டு கப் எடுத்து பாத்திரத்துல போட்டு உப்புத்தண்ணி ஊத்தி ஒரு நிமிஷம் கலக்கிட்டு சும்மா விட்டுடுங்க. மணல் அடியில உக்காந்துடும், கலர் துண்டு, நூல், வெள்ளை ஃபோம் எல்லாம் மேல வரும். மேல் தண்ணிய மட்டும் மெதுவா துணியில வடிச்சு பூதக்கண்ணாடியில பாருங்க, ஊசியால குத்தினா இலைத்துண்டு பிஞ்சிடும், பிளாஸ்டிக் வளைஞ்சு துள்ளும்.

இதுல ஒண்ணு கவனிங்க. பை, மூடி செய்யற பிளாஸ்டிக் சாதா கடல்தண்ணியிலேயே மிதக்கும், நைலான் மிதக்க இந்த உப்புத்தண்ணி வேணும், குடிக்கிற பாட்டில் பிளாஸ்டிக்கும் பிவிசி குழாயும் இதுலயும் முங்கிடும். அப்போ நீங்க எண்ணுறது இருக்கறதுல ஒரு பங்குதான். கடல்லயும் இப்படித்தான் பிரிஞ்சு போகுது, மிதக்கறத மேல இருக்கிற குட்டிக் குட்டி உயிருங்க பாசின்னு நினைச்சு முழுங்குது, முங்கறது அடியில மண்ணத் தின்னுற புழுக்களுக்கு போகுது. பிவிசி பொடி கலந்த மண்ணுல வளர்த்த புழுங்களோட உடம்புல சேமிப்பு சக்தி 50% வரைக்கும் குறைஞ்சதுன்னு 2013 ஆய்வு, சிப்பிங்கள ரெண்டு மாசம் பிளாஸ்டிக் பொடி கலந்த தண்ணில வச்சதுல முட்டை 38% குறைஞ்சு போச்சுன்னு 2016 ஆய்வு. ரெண்டும் லேப்ல செஞ்சது, ஆனா காரணம் புரியுது, வயிறு ரொம்பும், சத்து ஏறாது, சத்து இல்லாம எங்கேர்ந்து முட்டை. இந்தப் புழுவையும் சிப்பியையும் நம்பித்தான் மீன், நண்டு, பறவை எல்லாம் இருக்கு.

முடிச்சதும் பிள்ளைங்க கைய சோப்பு போட்டு கழுவ வைங்க, இது முக்கியம். சாங்கி, செம்பவாங், லாசரஸ் தீவுலேர்ந்து எடுத்த 275 பிளாஸ்டிக் துண்டுல 400க்கு மேல பாக்டீரியா வகைங்க இருந்ததா என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) ஆளுங்க 2019ல சொன்னாங்க, பவளப்பாறை நிறம் போய் வெளுக்கறதோட சம்பந்தப்பட்ட ஒரு வகையும் அதுல இருந்துச்சு.

மணல அங்கயே கொட்டிடுங்க, வீட்டுக்கு கொண்டு வராதீங்க. மிஞ்சின உப்புத்தண்ணிய செடி மேல ஊத்தாம அலையில ஊத்துங்க. துண்டுங்கள நீல ரீசைக்கிள் தொட்டியில போடாதீங்க, அழுக்கு, தேறாது, சாதா குப்பையிலேயே போட்டுடுங்க. திரும்பி வரும்போது கண்ணுல படுற பெரிய நொறுங்கற துண்டு, தெர்மாகோல், அறுந்த கயிறு எல்லாத்தையும் பொறுக்கிட்டு வாங்க, என்னைக் கேட்டா இந்த மொத்த வேலையில இதுதான் ரொம்ப பயன், ஏன்னா பொடியானதுக்கு அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது.

எண்ணினத தேதி, இடம் போட்டு எழுதி வைங்க. மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் தென்மேற்கு காத்து ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் குப்பைய தள்ளிட்டு வரும், அதனால அப்போ ஒரு தடவ, டிசம்பர்ல ஒரு தடவ, அதே இடத்துல அதே ரெண்டு கப் மணல் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க.