பாதி வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை, அதாவது வருகிற வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட அட்டை, எடுக்க வரிசையில் நிற்பது எங்கள் சபையில் பல வருஷப் பழக்கம். ஒரு வருஷம் என் கைக்கு வந்தது, உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்கிற ரோமர் 5ஆம் அதிகார வசனம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தட்டிலேயே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். பின்னால் நின்ற ஆச்சி பார்த்துவிட்டார். "என்னய்யா, கர்த்தர் குடுத்ததையே மாத்திட்டு எடுக்கியா?"

மாற்றி எடுத்தது எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' பாதித் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் சுவரில் தொங்கும் வசனம். நானும் அதை வேலை கிடைக்கும், வீடு முடியும் என்கிற கணக்கில்தான் எடுத்துக்கொண்டேன். அதிகாரத்தை முழுசாக வாசித்தது ரொம்பப் பிந்தி.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. 10ஆம் வசனம் 70 வருஷம் என்கிறது. அதாவது, கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப்போவதில்லை. முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவர், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்திலேயே எல்லார் முன்பாகவும் தீர்க்கதரிசனம் சொல்கிறார். கேட்க இனிப்பாக இருந்தது அதுதான்; கர்த்தர் அவரை அனுப்பவில்லை. எரேமியாவின் கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. அட்டையில் இதற்கெல்லாம் இடமில்லை. பக்தியாய் வாழ நினைக்கிற நாம் செய்யும் பெரிய தவறாக எனக்குப் படுவது இதுதான்: அனனியாவின் இரண்டு வருஷத்தை எரேமியாவின் வசனத்துக்குள் வைத்து வாசிக்கிறோம். டிசம்பருக்குள் நடக்காவிட்டால் விசுவாசம் குறைவு என்று நம்மையே குற்றப்படுத்திக்கொள்கிறோம்.

உபவாசத்திலும் இதே கதை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் இறைச்சியை விடுகிறோம், காலைச் சாப்பாட்டை விடுகிறோம். பசியில் வேலைக்கார அம்மாவிடம் எரிந்து விழுவதை மட்டும் விடுவதில்லை. ஏசாயா 58 இதைத்தான் பிடிக்கிறது. உபவாச நாளிலும் வேலையாட்களைக் கசக்குகிறீர்களே என்று கேட்டுவிட்டு, பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு என்கிறது. மிச்சப்பட்ட காலைச் சாப்பாடு யார் தட்டுக்குப் போனது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகத்துக்கு, அதைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10 எல்லாருக்கும் மனப்பாடம். உபாகமம் 14இன் கடைசி இரண்டு வசனங்கள் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. மூன்றாம் வருஷத் தசமபாகம், ஆலய ஊழியம் செய்யும் லேவியனோடுகூடப் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாகும்படி ஊர் வாசலிலேயே வைக்கப்பட வேண்டும். அஞ்சறைப்பெட்டி வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும்கூடக் கணக்குப் பார்த்துச் செலுத்தியவர்களிடம்தான் இயேசு, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்றார் (மத்தேயு 23:23). கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் செய்யுங்கள், அதையும் விடாதிருங்கள் என்றார்.

தேவசித்தம் தெரியவில்லை என்று ஜெபக்கூட்டம் ஜெபக்கூட்டமாக அலைகிறவர்களும் உண்டு. மாப்பிள்ளை எது, கம்பெனி எது என்று யாராவது தரிசனம் பார்த்துச் சொல்ல வேண்டும். இதுவே தேவனுடைய சித்தம் என்று வேதம் பச்சையாய்ச் சொல்லும் இடங்கள் 1 தெசலோனிக்கேயரிலேயே இருக்கின்றன: பரிசுத்தமாயிருங்கள் (4:3), எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யுங்கள் (5:18). முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் நோக்கமுள்ள வாழ்க்கை என்கிற எண்ணமும் இங்கேதான் முளைக்கிறது. பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்தார். லீதியாள் இரத்தாம்பரம் என்கிற ஊதாத் துணி விற்றாள்.

சாதியைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று கலாத்தியர் 3:28ஐ ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிட்டு, திங்கட்கிழமை கொடுக்கும் மணமகள் தேவை விளம்பரத்தில் சபைப் பிரிவோடு உட்சாதியையும் சேர்க்கிறோம். சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் உத்தரவு போட்டது 1833இல். அப்போது தமிழ்ச் சபைகளில் எதிர்ப்பு கிளம்பியது. இப்போது எதிர்ப்புகூட இல்லை. தலையாட்டிவிட்டு, தனிக் கல்லறைத் தோட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

வேத வாசிப்பு ஜனவரியில் சூடாகத் தொடங்கி மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுபோவது பலருக்கும் நடப்பது. மொத்தம் 1189 அதிகாரம். வருஷத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு வாசிக்க வேண்டும். பத்து நாள் விட்டுப்போனால் பாக்கி முப்பதைத் தாண்டும், அந்தப் பயத்திலேயே பைபிள் மூடிக்கிடக்கும். பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். மாற்கு சுவிசேஷம் மொத்தமே 16 அதிகாரம்தான். மின்சாரம் போன ஒரு சாயங்காலத்தில் நான் அதை ஒரே உட்காரலில் முடித்தேன், அட்டையைப் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டு.