நெல் தரிசில் உளுந்து: முதல்முறை விதைப்பவர்களுக்கு

காவிரி டெல்டாவில் மேட்டூர் அணையை மூடும் வழக்கமான தேதி ஜனவரி 28. அதற்குப் பிறகு வாய்க்காலை நம்ப முடியாது. வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன ஈரமும் தை, மாசிப் பனியும்தான் கையிருப்பு. நெல் அறுத்த பிறகு சும்மா கிடக்கும் வயலான நெல் தரிசில், உழவு, பாசனம் எதுவும் இல்லாமல் இதிலேயே விளைந்துவிடும் பயிர் உளுந்து.

1. விதை: ஏக்கருக்கு 12 கிலோ வேண்டும். நெல் தரிசுக்கு ஆடுதுறை 3 நெடுநாள் பழக்கத்தில் உள்ள ரகம். இலையில் மஞ்சள் திட்டு விழும் வைரஸ் நோயான மஞ்சள் தேமல் அதிகம் வரும் ஊர் என்றால், அதைத் தாங்கும் வம்பன் ரகங்களை வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (வேர் அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்து வையுங்கள். பிறகு, ஆறிய கஞ்சியில் ரைசோபியம் (காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்க்கும் நுண்ணுயிர் உரம்) குழைத்து விதையில் பூசி நிழலில் உலர்த்துங்கள். வெயில் படக்கூடாது.

2. பதம்: மகசூலில் பாதி இங்கேயே முடிவாகிவிடும். நெல் வயலுக்குள் இறங்கி மண்ணை மிதித்துப் பாருங்கள். கால் தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக்கூடாது. அதுதான் மெழுகு பதம். தண்ணீர் நின்றால் விதை அழுகும். வெடிப்பு விட்டுவிட்டால் முளைப்பு பாதிதான். மழை பெய்துவிட்டால் வடித்துவிட்டுக் காத்திருங்கள், அவசரம் வேண்டாம்.

3. விதைப்பு: நெல்லை ஆள் வைத்து அறுப்பதாக இருந்தால் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே, நிற்கும் கதிருக்கு நடுவே சீராகத் தூவுங்கள். மெஷின் அறுவடை என்றால் நாலைந்து நாள் முன்பு போதும். முன்னதாகத் தூவினால் முளைத்த செடி சக்கரத்தில் நசுங்கும். சக்கரத் தடத்தில் எப்படியும் கொஞ்சம் போகும், அதனால் விதையைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். வைக்கோலைச் சீக்கிரம் அப்புறப்படுத்துங்கள்.

4. டிஏபி கரைசல்: அடியுரம் போட வழியில்லாத பயிர் இது, ஆகவே இதை விடவே கூடாது. முதல் நாள் மாலை 4 கிலோ டிஏபியை (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிவை மட்டும் இறுத்து 190 லிட்டரில் கலந்தால் ஓர் ஏக்கருக்கு ஆகும். பூக்கும்போது ஒன்று, 15 நாள் கழித்து ஒன்று, இரண்டுமே மாலையில் தெளிக்க வேண்டும்.

5. காவல்: மஞ்சள் திட்டு விழுந்த செடியைப் பார்த்தவுடன் பிடுங்குங்கள். வெள்ளை ஈ அதிலிருந்துதான் நோயைப் பரப்பும்.

6. அறுவடை: 70-75 நாளில் பெரும்பாலான காய்கள் கறுத்துவிடும். வேரோடு பிடுங்காமல் அடியோடு அறுங்கள். வேர் முடிச்சில் உள்ள தழைச்சத்து மண்ணுக்கே போகும். களத்தில் நன்றாகக் காய்ந்த பிறகு அடியுங்கள். பயறு பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைகிற அளவு காய்ந்ததும் மூட்டை பிடிக்கலாம்.