இன்டிசைன் ஸ்கிரிப்ட் ஆமை வேகத்தில் ஓடுகிறதா?

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 200 வரிசை, 6 நெடுவரிசை கொண்ட விலைப்பட்டியல். விலையை எல்லாம் மாற்ற ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன நிரல் (ஸ்கிரிப்ட்) எழுதி ஓடவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை. கூட்டிப் பெருக்க ஸ்கிரிப்டுக்கு நேரமே ஆகாது. ஒவ்வொரு செல்லுக்கும் இன்டிசைனிடம் போய் வருவதில்தான் நேரம் கரைகிறது. படிக்க ஒரு நடை, எழுத ஒரு நடை என்றால் 1200 செல்லுக்கு 2400 நடை. உப்புக்கு ஒருமுறை, புளிக்கு ஒருமுறை என்று கடைக்கு ஓடுவது போலத்தான்.

முதலில் ஃபைலை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நேரத்தை அளந்துவிடுங்கள். அதற்கு ஸ்கிரிப்டுக்குள்ளேயே ஹைரெஸ்டைமர் என்ற கடிகாரம் இருக்கிறது. தொடக்கத்தில் ஒருமுறை படித்தால் பூஜ்யத்துக்குப் போய்விடும். முடிவில் படித்தால் இடையில் ஆன நேரத்தை மைக்ரோ நொடியில் தரும். 10 லட்சத்தால் வகுத்தால் நொடிக்கணக்கு.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், செல்லைத் தொடாதீர்கள். லூப்புக்கு முன்பே, டேபிளின் செல்களில் எவ்ரிஐட்டம் (எல்லாவற்றையும் சேர்த்து என்று பொருள்) போட்டு அதன் கன்டென்ட்ஸைக் (உள்ளே இருக்கும் எழுத்தை) கேளுங்கள். 1200 செல்லின் எழுத்தும் ஒரே நடையில் ஒரு அர்ரேயாக (வரிசைப் பட்டியலாக) வந்துவிடும். விலையை அந்த அர்ரேயிலேயே மாற்றுங்கள். கடைசியில் அர்ரேயை அப்படியே டேபிளின் கன்டென்ட்ஸுக்குக் கொடுத்துவிடுங்கள். 2400 நடை இரண்டாகிவிட்டது! ஒரே எச்சரிக்கை: செல்லுக்குள் ஓரிரு எழுத்தை மட்டும் போல்டாக்கி வைத்திருந்தால் அது போய்விடும். அந்த மாதிரி டேபிளுக்கு, எழுத்தின் அமைப்பை வைத்துத் தேடும் கிரெப் தேடல்-மாற்றல்தான் சரி.

எழுத்து வேண்டாம், அது இருக்கும் பெட்டிகளான ஃபிரேம்களே வேண்டும் என்றால் எவ்ரிஐட்டமுக்குப் பின்னால் கெட்எலிமென்ட்ஸ் சேர்த்து, ஒரே தடவையில் வாங்கி வைத்துக்கொண்டு லூப் போடுங்கள்.

பிறகு திரை. ஸ்கிரிப்ட்பிரிஃபரன்ஸஸ் என்ற அமைப்புகளில் எனேபிள்ரீட்ராவை ஃபால்ஸ் ஆக்கினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தைத் திரும்ப வரையும் வேலை குறையும். ஃபைலில் பிழை இருக்கிறதா என்று பின்னணியில் பார்த்துக்கொண்டே இருக்கும் லைவ் ப்ரீஃப்ளைட்டையும் அணைத்துவிடுங்கள். முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள், அச்சுக்குப் போகும் ஃபைலுக்கு அது காவல்.

கடைசியாக, முழு வேலையையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, டூஸ்கிரிப்ட் என்ற கட்டளை மூலம் என்டயர்ஸ்கிரிப்ட் அன்டூ முறையில் (முழு ஸ்கிரிப்டையும் ஒரே செயலாகத் திரும்பப் பெறும் முறை) ஓட்டுங்கள். விலை தப்பாக ஏறிவிட்டாலும் ஒரே கன்ட்ரோல் இசட்டில் எல்லாம் பழையபடி வந்துவிடும். ஃபாஸ்ட் என்று தொடங்கும் இன்னொரு முறையும் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம்.

இப்போது மறுபடி ஓட்டி, டைமர் காட்டும் எண்ணை முதல் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.