பிரீமியர் லீக் கிளப்பின் டிவி வருமானத்தைக் கணக்கிடுவது எப்படி?

முதலில் பணம் எந்தெந்த வழியில் வருகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கில் உள்நாட்டு ஒளிபரப்பு வருமானத்தில் பாதி 20 கிளப்புகளுக்கும் சமமாகப் போகிறது. கால் பங்கு, எந்தக் கிளப்பின் ஆட்டங்கள் எத்தனை முறை நேரலையில் காட்டப்பட்டன என்பதைப் பொறுத்தது. மீதிக் கால் பங்குதான் அட்டவணையில் பிடித்த இடத்துக்கானது. வெளிநாட்டு ஒளிபரப்புப் பணம் முன்பு முழுக்கச் சமமாகப் பகிரப்பட்டது. 2019-20 முதல் அதில் முன்பைவிடக் கூடுதலாக வரும் தொகையை இடத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள்.

இடத்துக்கான கணக்கு எளிது. கடைசி இடத்துக்கு 1 பங்கு, அதற்கு மேலே 2, இப்படியே முதலிடத்துக்கு 20. மொத்தம் 210 பங்குகள். இடத்துக்கென ஒதுக்கிய மொத்தத் தொகையை 210-ஆல் வகுத்தால் ஓர் இடத்தின் விலை கிடைத்துவிடும். 2022-23-இல் உள்நாடு, வெளிநாடு இரண்டும் சேர்ந்து அது சுமார் 30 லட்சம் பவுண்டு. 16-இலிருந்து 15-க்கு ஏறினாலும் 2-இலிருந்து 1-க்கு ஏறினாலும் அதே தொகைதான். பலர் இதைக் கவனிப்பதில்லை. மே மாதத்தில் “இனி ஆடுவதற்கு ஒன்றுமில்லை” என்று சொல்லப்படும் நடு அட்டவணை ஆட்டத்திலும் இந்தப் பணம் இருக்கிறது.

சரிபார்க்க அதே பருவத்தை எடுத்துக்கொள்வோம். முதலிடம் பிடித்த மான்செஸ்டர் சிட்டி லீக்கிடமிருந்து பெற்றது சுமார் 17.6 கோடி பவுண்டு. கடைசியாக வந்த சவுத்தாம்ப்டன் பெற்றது சுமார் 10.4 கோடி. வித்தியாசம் 7.2 கோடி. 19 இடங்களை 30 லட்சத்தால் பெருக்கினால் 5.7 கோடி. மிச்சத்தில் பெரும்பகுதி நேரலை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வந்தது. கீழே முடித்த பெரிய பெயர் கிளப் மேலே முடித்த சின்னக் கிளப்பைவிட அதிகம் வாங்குவதற்கும் அதுதான் காரணம்.

இனி பட்ஜெட். சமப் பங்கை மட்டும் உறுதியான வரவாக எழுதுங்கள். கடைசி மூன்று அணிகள் அடுத்த நிலை லீக்குக்குக் கீழிறங்கும் என்பதால், இடத்துக்கான பணத்தைத் தப்பிக்கும் கடைசி இடமான 17-ஆவது இடத்துக்கே போடுங்கள். 10-ஆவது இடத்தை நம்பி ஆகஸ்டில் சம்பள ஒப்பந்தம் போட்டுவிட்டு 16-இல் முடித்தால் 1.8 கோடி பவுண்டு துண்டு விழும். சம்பளமோ குறையாது. வீரர் விலையை ஒப்பந்தக் காலத்துக்குப் பிரித்து, அதிகபட்சம் 5 ஆண்டுகளில், கணக்கில் எழுதுவார்கள். 5 கோடிக்கு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கப்பட்ட வீரர் ஐந்து பருவங்களுக்கு ஆண்டுக்கு 1 கோடி செலவாக நிற்பார். அணி கீழிறங்கினாலும் நிற்பார்.

கீழிறங்கும் கிளப்புக்கு, வீழ்ச்சியைத் தாங்க லீக் தரும் பாராசூட் பணம் உண்டு: சமப் பங்கில் முதல் ஆண்டு 55 சதவீதம், இரண்டாம் ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20. ஒரே பருவம் ஆடிவிட்டு இறங்கினால் இரண்டு ஆண்டுகளோடு சரி. முதல் தவணையே கடைசி இடத்துக்குக் கிடைத்ததில் பாதியைத் தொடாது. அதனால் ஒவ்வொரு வீரர் ஒப்பந்தத்திலும், இறங்கினால் சம்பளம் இத்தனை சதவீதம் குறையும் என்ற விதி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். வரவிருக்கும் டிவி தவணைகளை வங்கியில் ஈடுவைத்து ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தால், நிலைமை இன்னும் மோசம்.

2025-26 பருவம் வரை நட்டத்துக்கு மூன்றாண்டு வரம்பும் இருந்தது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2022-இல் மேலேறிய அணி. இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் ஆடிய இரண்டு பருவங்களுக்குத் தலா 1.3 கோடி, பிரீமியர் லீக் பருவத்துக்கு 3.5 கோடி என்று மூன்றாண்டு வரம்பு 6.1 கோடி பவுண்டு. நட்டம் அதை 3.45 கோடி தாண்டியதால் 2024 மார்ச்சில் 4 புள்ளிகள் பறிபோயின. தங்கள் வீரர் பிரென்னன் ஜான்சனை டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள்தான். ஆனால் விற்பனை முடிந்தது 2023 செப்டம்பர் 1-இல், கணக்கு முடிந்ததோ ஜூன் 30-இல். வீரரை விற்றுக் கணக்கை நேர்செய்வதானால் கணக்கு முடியும் தேதிக்குள் விற்க வேண்டும்.

பணம் தருபவர் தாக்குப்பிடிப்பாரா என்பதையும் பாருங்கள். 2002-இல் ஐடிவி டிஜிட்டல் என்ற கட்டண டிவி நிறுவனம் நொடிந்தபோது, கீழ் லீக்குகளின் 31.5 கோடி பவுண்டு ஒப்பந்தத்தில் 17.85 கோடி வராமலே போனது. அந்தப் பணத்தை நம்பிச் சம்பளம் பேசியிருந்த பல கிளப்புகள் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போயின.