புற்றுநோய் மாத்திரையோடு பிரிட்டன் வருபவர்களுக்கு: இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிள்ளைகளோடு இருக்கப் பிரிட்டன் வரும் பெரியவர்களில், புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து மாத்திரையைத் தொடர்பவர்கள், புறப்படும் முன் ஒரு வாரமாவது காலையிலும் மாலையிலும் இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஊரில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான், இங்குள்ள குடும்ப மருத்துவர் எது ஏற்றம், எது உங்களுக்கு வழக்கம் என்று பிரித்தறிய முடியும். மாத்திரை விற்கப்படும் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், அதிலுள்ள மருந்தின் மூலப்பெயரையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

புற்றுநோய் மாத்திரைகளில் சுனிடினிப், லென்வாடினிப், புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராடெரோன் ஆகியவை அழுத்தத்தை ஏற்றக்கூடியவை; இப்ருடினிப் நாடியின் தாளத்தைக் குலைக்கலாம். டிரஸ்டுசுமாப் ஊசி இதயத்தின் வலுவைக் குறைக்கக்கூடும் என்பதால் எக்கோ பரிசோதனை அறிக்கைகளை மறவாமல் கொண்டுவர வேண்டும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த என் தாயார், கையில் பட்டை இறுகத் தொடங்கியதும் "ரொம்ப இறுக்குது சாமி" என்று பேச ஆரம்பிப்பார். பேசினாலே எண் கூடிவிடும். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரின் மேலேயே பட்டையைச் சுற்றியதும் நாங்கள் செய்த தவறு. இப்போது சாய்மானமுள்ள நாற்காலியில் கால் இரண்டும் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சுயரத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்கிறோம். இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருப்பதால் எப்போதும் வலக்கையில்தான் அளப்போம். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுத்திருங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டுவதே நம்பத்தக்கது. நாடி ஒழுங்கற்றிருந்தால் அதுவும் தவறாகக் காட்டலாம், அப்போது விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள்.

பெட்டி நிறைய மாங்காய் ஊறுகாய் கொண்டுவருவோம்; அதன் உப்பும், சளிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும்.

குடும்ப மருத்துவரிடம் பதிவதற்குக் கட்டணமில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். குறுகிய கால விசாவில் வருபவர்களுக்கு மருத்துவமனைச் செலவு உண்டு, காப்பீடு எடுத்துவிடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-க்கு மேல் நின்றாலோ, ஓய்வில் நாடி தொடர்ந்து 100-ஐத் தாண்டினாலோ மருத்துவரிடம் நோட்டைக் காட்டுங்கள். புற்றுநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 180/120-ஐத் தொட்டால் சற்று ஓய்வெடுத்து மீண்டும் அளந்து, இறங்கவில்லையென்றால் அன்றே மருத்துவரையோ 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணையோ அழையுங்கள். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஏதேனும் சேர்ந்தால், ஊரில் 108-ஐ அழைப்பதுபோல் இங்கே உடனே 999-ஐ அழைக்க வேண்டும்.