பெட்டியைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள்: டிவி, கணினி வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

டிவியோ கணினியோ வாங்க யாராவது என்னைக் கடைக்குக் கூட்டிப்போனால், விலை பேசும் முன் ஒன்று கேட்பேன்: "வீட்டில் இதை அதிகம் தொடப்போவது யார்?" மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பல வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். எல்பில், ஹீவுட் தோட்டங்கள் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். என் மேசைக்கு வரும் பொருள்களில் பல நன்றாகத்தான் வேலை செய்கின்றன; வாங்கிய வீட்டுக்குத்தான் அவை பொருந்தவில்லை. பார்த்தால் மனசு கேட்பதில்லை. பெரும்பாலும் அது தீபாவளிக்கு வந்த போனஸ் காசு.

தோட்டத்து ஆயாக்கொட்டகையில் (குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்யும் ஒரு அக்கா தன் மாமியாருக்காக 65 அங்குல ஸ்மார்ட் டிவி வாங்கினார். பாட்டிக்கு வேண்டியது இரண்டே: தமிழ்ச் செய்தி, நாடகம். டிவியைப் போட்டால் கட்டம் கட்டமாகப் படங்கள் நிறைந்த ஒரு பக்கம் வந்து நிற்கிறது. எதை அழுத்தினால் சேனல் வரும் என்று பாட்டிக்குத் தெரியவில்லை. பேரன் பள்ளிவிட்டு வரும்வரை அந்த டிவி அணைந்தே கிடக்கும். "பழசு நல்லாத்தான்யா இருந்துச்சு, ஒரே பட்டன்" என்று பாட்டி என்னிடம் சொன்னார். கடையில் யாரும் பாட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து முதல் தவறு இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

திரையின் அளவையே எடுத்துக்கொள்வோம். 43 அங்குலம் என்பது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளப்பது, ஏறக்குறைய 109 சென்டிமீட்டர். லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முன்னறையில் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்க அது தாராளம். அந்த அளவுத் திரையில், சாதாரண ஃபுல் எச்டி படத்தின் புள்ளிகளையே நல்ல கண்பார்வை உள்ளவரால் ஆறடிக்கு அப்பாலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 4கேயில் புள்ளிகள் நான்கு மடங்கு. பத்தடியில் உட்காரும் கண்ணுக்கு அது போய்ச் சேராது. கடைகளில் இப்போது எங்கும் 4கேதான் இருக்கிறது, சரி, இருந்துவிட்டுப் போகட்டும். அந்த எழுத்துக்காக மட்டும் கூடுதலாக ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுக்காதீர்கள்.

அப்புறம் இணையம். பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளில் ஃபைபர் கம்பி வந்திருக்கும். செம்பனைத் தோட்டத்துக்குள் இரண்டு மைல் போனால் கைப்பேசி சிக்னலை நம்பித்தான் வீடு ஓடுகிறது. நெட்ஃபிலிக்ஸ் சொல்லும் கணக்குப்படி ஃபுல் எச்டிக்கு வினாடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 15 மெகாபிட் வேண்டும். ஆகவே டிவி வாங்கும் முன் இரவு எட்டு மணிக்கு மேல், எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், டிவி வைக்கப்போகும் இடத்தில் நின்று கைப்பேசியில் வேகத்தைச் சோதியுங்கள். காலை பத்து மணிக்குச் சோதித்துவிட்டு "நல்ல லைன்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபைபர் இருக்கும் வீட்டிலும் ரௌட்டரை இரும்பு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் பயனில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தூரம் போகும், வேகம் குறையும். பின்னறையில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டாவதே உதவும்.

இணையமே இல்லாத வீடு என்றால் அதிலும் ஒரு குறையும் இல்லை. பழைய அனலாக் ஒளிபரப்பு நாடு முழுக்க 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இப்போது இலவச சேனல்கள் டிவிபி-டி2 (DVB-T2) என்ற டிஜிட்டல் முறையில் வருகின்றன. புது டிவியின் அட்டையில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூரையில் ஓர் ஏரியல் போதும், டிவி2இல் தமிழ்ச் செய்தி வந்துவிடும். யாரோ கொடுத்த பழைய டிவி என்றால் இந்த ஒளிபரப்பைப் பிடித்துத் தரும் டிகோடர் பெட்டி ஒன்று தனியாக வேண்டும். இது தெரியாமல் "டிவி கெட்டுப்போச்சு" என்று தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

மடிக்கணினிக்கு வருவோம். பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான படிவம் ஆறோ மெட்ரிகுலேஷனோ போகும்போது அப்பா அம்மா அவசரமாகக் கடைக்குப் போவார்கள். அங்கே மலிவு விலையில் மெல்லிய அழகான ஒன்று இருக்கும்: 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் நினைவகம்), 64 ஜிபி இஎம்எம்சி (மலிவான சேமிப்புச் சில்லு) சேமிப்பு. விண்டோஸ் 11 ஓட மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் சரியாக அதுதான். பெட்டியைத் திறந்த அன்று ஓடும். சில மாதத்தில் விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் இடத்தைத் தின்றுவிடும், பிள்ளை ஒப்படைப்பு வேலையைச் சேமிக்க இடம் இருக்காது. பல மாடல்களில் அந்த இஎம்எம்சியும் ரேமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. நான் நினைத்தாலும் மாற்றித்தர முடியாது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பு), இதற்குக் கீழே இறங்காதீர்கள். அந்தக் காசு கையில் இல்லையென்றால் வீட்டில் தூங்கும் பழைய கணினியைக் கொண்டுவாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஓர் எஸ்எஸ்டி போட்டால் அது எழுந்து ஓடுவதைப் பார்த்து நீங்களே வியப்பீர்கள்.

மறுவிற்பனைக் கணினியில் வேறொரு பள்ளம் இருக்கிறது. இன்டெல் செயலியின் "ஐ7" ஸ்டிக்கரைக் காட்டி விற்பார்கள். ஐ7 என்றால் எந்தத் தலைமுறை ஐ7? அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறை ஐ7ஐவிடப் புதிய ஐ3 ஒன்று பிள்ளைக்கு நீண்ட நாள் உழைக்கும்.

இனி நான் மிகவும் வருந்திச் சொல்லும் விஷயம், இடிமின்னல். எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் எல்லாருக்கும் துணி எடுக்கும் ஞாபகம் வருகிறது, பிளக்கைக் கழற்றும் ஞாபகம் வருவதில்லை. சுவர் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான சுவர் சுவிட்சுகள் ஒரே ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். மற்ற இரண்டும் இணைந்தே இருக்கும். அதோடு, வானத்திலிருந்து இறங்கிய மின்னலுக்கு சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளி ஒரு பொருட்டல்ல. எனக்கே நடந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு ஈப்போ போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் கணினியின் நெட்வொர்க் பகுதி கருகியிருந்தது. மின்னல் தொலைபேசிக் கம்பி வழியே மோடத்துக்கு வந்து, அங்கிருந்து கேபிளில் கணினிக்குள் போயிருந்தது. நான் கரண்டு வழியை மட்டும் அடைத்துவிட்டு மற்ற வழியைத் திறந்தே வைத்திருந்தேன்.

ஆகவே இடி தொடங்கும் முன் மூன்றையும் கழற்றுங்கள்: பிளக், ஏரியல் அல்லது டிஷ் கம்பி, மோடத்திலிருந்து வரும் கேபிள். இடி தலைக்கு மேல் வந்தபின் கம்பியில் கை வைக்காதீர்கள், பொருள் போனால் போகட்டும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் அதன் பெட்டிக்கும் ஒரு பிளக் இருக்கிறது. சர்ஜ் (திடீர் மின்னழுத்த உயர்வு) பாதுகாப்பு உள்ள நீட்டிப்புக் கம்பி நல்லதுதான். அதற்குள் இருக்கும் சின்ன வில்லை ஒவ்வொரு அடியையும் தாங்கித் தாங்கித் தேய்ந்துபோகும். பாதுகாப்பைக் காட்டும் விளக்கு அணைந்திருந்தால், அது வெறும் நீட்டிப்புக் கம்பி. அது வேலை செய்ய எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். பழைய லயத்து வீடுகளில் அதை உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இரவுச் சந்தையில் விற்கும், டிவியில் மாட்டும் ஆண்ட்ராய்டு பெட்டி பற்றிப் பலரும் கேட்கிறார்கள். "ஒரு தடவை காசு கட்டினா போதும், ஆயுசுக்கும் எல்லா சேனலும்." வாங்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2022 மார்ச்சில் வந்த திருத்தப்படி, திருட்டு ஒளிபரப்புப் பெட்டி விற்பவருக்கு 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அவர் மறைந்துபோனால் உங்கள் "ஆயுசும்" அத்தோடு முடிந்தது. 2023இல் டி95 (T95) என்ற மலிவுப் பெட்டியில் தொழிற்சாலையிலிருந்தே தீய மென்பொருள் ஏறி வந்தது அம்பலமானது. அந்தப் பெட்டி இருக்கும் அதே வைஃபையில்தான் உங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள். நேர்மையாகக் காசு கட்டி நெட்ஃபிலிக்ஸ் பார்ப்பவர்களுக்கும் இதில் நஷ்டம்: அங்கீகாரம் இல்லாத பெட்டிகளில் படம் மங்கலாகத்தான் வரும்.

வயதானவர்கள் "பேசறது கேக்கல" என்றால் காதை மட்டும் குறை சொல்லாதீர்கள். மெல்லிய டிவிகளில் ஒலிபெருக்கி கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கிறது. சின்ன சவுண்ட்பார் ஒன்றை டிவியில் எச்டிஎம்ஐ ஆர்க் (HDMI ARC) என்று எழுதியிருக்கும் துளையில் மாட்டினால் பேச்சு முன்னால் வரும், டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம். அட்டையில் "2000 வாட் பிஎம்பிஓ" என்று போட்டிருந்தால், ஒரு கண நேர உச்சத்தைச் சொல்லும் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, எவ்வளவு என்று கேளுங்கள்.

தவணையில் எடுப்பதானால் மாதத் தொகையை மாத எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். மாதம் 100 வெள்ளி சிறிதாகத் தெரியும். 36 மாதத்தில் அது 3,600. ரசீதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தாளில் அச்சிட்டது ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். கடை கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது: 50,000 வெள்ளி வரையான கோரிக்கை, கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

அந்தப் பாட்டியின் டிவிக்கு என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. அமைப்புகளுக்குள் போய், டிவியைப் போட்டதும் நேராக ஏரியல் சேனல் வரும்படி மாற்றினேன். ரிமோட்டில் அவருக்குத் தேவையான மூன்று பட்டன்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றின் மேல் அக்கா கெட்டியான டேப் ஒட்டினார். பத்து நிமிட வேலை. அன்று இரவு பேரன் டியூஷனிலிருந்து வருவதற்குள் பாட்டி செய்தியைப் பார்த்து முடித்திருந்தார்.